'வேட்டையன்' கேட்காத கேள்வி: பிரிவு 46(3) பற்றி ஒரு வாசிப்பு

'வேட்டையன்' (2024) படத்தில் எஸ்.பி. அதியன் ஓர் இளைஞனைச் சுட்டுக் கொல்கிறார். ஓர் ஆசிரியையைக் கொன்றவன் என்று ஊரே நம்புகிற ஆள். பின்னால்தான் தெரிகிறது, அவன் அதைச் செய்யவே இல்லை. அதிலிருந்து படம் வேறு பாதையில் போகிறது. அதியனுக்குக் குற்ற உணர்வு, நீதிபதி சத்யதேவின் விசாரணை, உண்மைக் குற்றவாளியைத் தேடும் ஓட்டம். த.செ.ஞானவேல் 'ஜெய் பீம்' எடுத்தவர். காவல்துறையின் சந்தேகப் பார்வை எப்போதும் குடிசைப் பகுதியை நோக்கியே திரும்புகிறது என்பதை இந்தப் படத்திலும் சொல்லாமல் விடவில்லை. ரஜினி படத்துக்குள் இவ்வளவு சொன்னதே பெரிய விஷயம்னு நினைப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.

என் பிரச்சினை வேறு. அந்தக் கொலை ஏன் தவறு என்று படத்தைக் கேட்டால் அது தரும் பதில்: ஆள் மாறிப் போச்சு. சரி, ஆள் மாறாமல் இருந்திருந்தால்? அந்த இளைஞனே கொலைகாரனாக இருந்திருந்தால் அதியன் செய்தது சரியா? படம் இந்தக் கேள்வியை ஒரு ஓரமாக நிறுத்திவிட்டுப் போய்விடுகிறது. நாயகனின் அறிமுகமே என்கவுன்டரோடுதான் வருகிறது. அங்கே செத்தவன் நிஜமான கெட்டவன் என்பதால் தியேட்டரில் விசில். ஒரே செயல், இரண்டு தீர்ப்பு. வித்தியாசம் செத்தவன் யார் என்பதில் மட்டும்தான்.

'காக்க காக்க' (2003) கூட இதே இடத்தில்தான் நிற்கிறது, என்ன, அதற்குக் குற்ற உணர்வு கிடையாது. 'விசாரணை' (2015) கொஞ்சம் விலகிப் போகிறது. சுடுவதற்கு முன்பே கதை எழுதப்படுகிறது என்பதை அந்த அளவுக்குத் தெளிவாகக் காட்டிய தமிழ்ப் படம் எனக்கு வேறு நினைவில்லை. ஆனாலும் அங்கே நம் நெஞ்சை அடைப்பது, சாகப் போகிறவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள் என்பதுதான். குற்றவாளியை வைத்து யாரும் இந்தப் படத்தை எடுக்க மாட்டேங்கிறாங்க.

சினிமாவை ரொம்ப நேரம் திட்ட வேண்டாம். சட்டமே இதே தப்பான கேள்வியைத்தான் கேட்கிறது. அதைக் காட்டத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒன்று. 'என்கவுன்டர்' என்ற சொல்லுக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் சரி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் சரி, இடமே இல்லை. போலீஸ்காரர் சுட்டதால் ஒருவர் இறந்தால், மற்ற எந்த மரணத்தையும் போல அதுவும் ஒருவர் இன்னொருவரைக் கொன்ற நிகழ்வு. அதைக் கொலை அல்ல என்று காட்ட சில கதவுகள் உண்டு. ஒன்று, தற்காப்பு. உங்களுக்கும் எனக்கும் உள்ள அதே உரிமைதான் போலீஸுக்கும். தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்க வேறு வழியில்லாதபோது, தேவைக்கு மேல் போகாமல். பழைய தண்டனைச் சட்டத்தில் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகள். இரண்டாவது, கொலை பற்றிய 300-வது பிரிவின் மூன்றாம் விதிவிலக்கு. அரசு ஊழியர் தன் அதிகாரத்தை மீறினாலும், கடமைக்கு அது தேவை, சட்டப்படி சரி என்று நல்லெண்ணத்தோடு நம்பி, பகையில்லாமல் செய்திருந்தால் கொலை என்பது குறைந்த குற்றமாகிறது. மூன்றாவது கதவு, கைது பற்றிய பிரிவு. நான் வாசிக்க நினைப்பது இதைத்தான்.

குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1973, பிரிவு 46. கைதாக வேண்டியவர் வலுவாக எதிர்த்தாலோ நழுவப் பார்த்தாலோ, அவரைப் பிடிக்கத் தேவையான எல்லா வழிகளையும் காவல் அதிகாரி கையாளலாம் என்கிறது அதன் இரண்டாம் உட்பிரிவு. மூன்றாவது அதற்கு ஒரு கடிவாளம்: மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாத ஒருவருக்கு மரணத்தை விளைவிக்கும் உரிமையை இந்தப் பிரிவில் உள்ள எதுவும் தராது. (தமிழாக்கம் என்னுடையது, மூலமும் இதே மாதிரி மூச்சு முட்டுகிற வாக்கியம்தான்.)

இரண்டு எதிர்மறை அடுத்தடுத்து வருவதால் முதல் வாசிப்பில் இது ஏதோ உயிரைக் காக்கிற வாக்கியம் போலத் தெரியும். மன்றத்து வாசலில் 'உறுப்பினர் அல்லாதவர் உள்ளே வரக்கூடாது' என்று பலகை மாட்டியிருந்தால் உறுப்பினர் வரலாம்னுதானே அர்த்தம்? அப்படியே இதுவும். ஆயுள் தண்டனைக் குற்றம் சாட்டப்பட்டவர் ஓடினால், பிடிக்க வேறு வழியில்லை என்றால், சுடலாம். அவர் கையில் ஆயுதம் இருக்கிறதா, யாரையாவது தாக்கப் போகிறாரா என்ற கேள்வியே வாக்கியத்தில் இல்லை. அவர் மேல் என்ன பிரிவில் வழக்கு என்பது மட்டும்தான் கேள்வி.

'சாட்டப்பட்டவர்' என்பதையும் கவனியுங்கள். தீர்ப்பு வந்தவர் அல்ல. எஃப்.ஐ.ஆரில் பேர் இருந்தால் போதும்.

இன்னும் வேடிக்கை, ஆயுள் தண்டனைக் குற்றங்கள் என்னென்ன என்று பட்டியல் போட்டுப் பார்த்தால்தான். கொலை, கூட்டு வன்புணர்வு இருக்கும், எதிர்பார்த்ததுதான். போலி உயில் தயாரிப்பதும் இருக்கிறது (பழைய பிரிவு 467). அரசு ஊழியர் தன்னிடம் ஒப்படைத்த பணத்தைக் கையாடுவதும் இருக்கிறது (409). கள்ளநோட்டு அடிப்பதும் (489ஏ). கொள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு பேர் சேர்ந்து சாதாரண வழிப்பறி செய்தால் அதிகபட்சம் 10 ஆண்டுதான், அதுவே நெடுஞ்சாலையில் இரவில் என்றால் 14. ஐந்தாவதாக ஒருத்தர் சேர்ந்துகொண்டால் அது கூட்டுக்கொள்ளை, ஆயுள் வரை போகலாம். அதாவது தலையை எண்ணிப் பார்த்து, நாலா அஞ்சா என்று முடிவு செய்துவிட்டுச் சுட வேண்டும்! போலி உயில் எழுதிய தாசில்தார் ஆபீஸ் குமாஸ்தா சுவரேறிக் குதித்து ஓடினால் அவரும் இந்த வாக்கியத்தின் வளையத்துக்குள்தான். நடைமுறையில் எந்த இன்ஸ்பெக்டரும் அவரைச் சுட மாட்டார், உண்மை. ஆனால் சுடாமல் இருப்பது அவருடைய புத்தி, சட்டத்தின் புத்தி அல்ல.

ஒரு வழக்கறிஞர் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் மறுத்தார். 'தேவையான' என்ற சொல்லைக் கோர்ட் குறுக்கித்தான் வாசிக்கும், வெறுமனே ஓடுகிறவனைச் சுட்டதைத் தேவை என்று எந்த நீதிபதியும் ஒத்துக்கொள்ள மாட்டார் என்றார். இருக்கலாம். அப்படியென்றால் இந்த வாக்கியம் எதற்கு? உயிருக்கு ஆபத்து இருக்கிற இடத்தில் தற்காப்புப் பிரிவுகளே போதும், இது வேண்டியதில்லை. ஆபத்து இல்லாத இடத்தில்தான் இது தேவைப்படும். ஆக, இந்த வாக்கியம் தனியாக வேலை செய்கிற ஒரே இடம், யாருக்கும் ஆபத்தில்லாமல் ஓடுகிற ஒருவனைச் சுடுகிற இடம். அதற்கு நண்பரிடம் பதில் இல்லை, காபி ஆர்டர் பண்ணினார்.

இதே வாக்கியம் 1898-ம் ஆண்டு நடைமுறைச் சட்டத்திலேயே இருந்தது, ஆயுள் தண்டனைக்குப் பதிலாக நாடுகடத்தல் என்ற பழைய சொல்லோடு. வேர் இங்கிலாந்தின் பொதுச் சட்டத்தில் இருக்கிறது. அங்கே பெருங்குற்றம் என்றாலே ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் தூக்கு என்றிருந்த காலம் ஒன்று உண்டு. எப்படியும் தூக்கில் தொங்கப் போகிறவன், ஓடும்போது செத்தால் என்ன என்பது அன்றைய கணக்கு.

அந்தக் கணக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985-ல் உடைத்தது. டென்னசி எதிர் கார்னர் வழக்கு. 1974 அக்டோபர் 3 இரவு, மெம்பிஸ் நகரம். ஒரு வீட்டுக்குள் யாரோ புகுந்திருப்பதாகத் தகவல். போலீஸ்காரர் கொல்லைப்பக்கம் போகிறார். ஒரு பையன் ஓடி, சுமார் 6 அடி உயரக் கம்பி வேலி பக்கத்தில் பதுங்குகிறான். டார்ச் வெளிச்சத்தில் முகமும் கைகளும் தெரிகின்றன. ஆயுதம் இல்லை என்று ஏறக்குறைய உறுதியாகவே தெரிந்ததாக அதிகாரியே பின்னால் சாட்சி சொன்னார். 'நில்' என்கிறார். பையன் வேலியில் ஏறுகிறான். தாண்டிவிட்டால் பிடிக்க முடியாது என்று சுடுகிறார். குண்டு பின்மண்டையில். பையனுக்கு வயது 15. அவனிடம் இருந்தது ஒரு கைப்பையும் 10 டாலரும்.

டென்னசி மாநிலச் சட்டத்தில் இருந்த வாசகத்தைப் பாருங்கள்: கைது செய்யப் போவதாக அறிவித்த பிறகும் ஓடினாலோ எதிர்த்தாலோ, பிடிக்கத் தேவையான எல்லா வழிகளையும் அதிகாரி கையாளலாம். நம் 46(2)-க்கு ஒன்றுவிட்ட சகோதரன் மாதிரி இருக்கிறது. ஆயுதமில்லாமல், ஆபத்தில்லாமல் ஓடுகிறவன் மீது அந்தச் சட்டத்தைப் பயன்படுத்துவது அரசமைப்புக்கு விரோதம் என்று 6-க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. தப்பி ஓடுபவர் அதிகாரிக்கோ மற்றவர்களுக்கோ உயிராபத்தோ கடுமையான காயமோ விளைவிப்பார் என்று நம்பத் தகுந்த காரணம் இருந்தால் மட்டுமே சுடலாம். பழைய விதி பிறந்த காலத்தில் பெருங்குற்றம் என்றால் மரணம், இப்போது அப்படியில்லை, ஆகவே அந்த விதியின் காரணமே போய்விட்டது என்பதும் அந்தத் தீர்ப்பின் வாதங்களில் ஒன்று.

அமெரிக்காவைக் காவல்துறைக்கு முன்மாதிரியாகக் காட்டுகிறேன் என்று யாரும் சிரிக்க வேண்டாம். அங்கே நடப்பது எனக்கும் தெரியும். ஆனால் தீர்ப்பு கேட்ட கேள்வி சரியான கேள்வி: இவன் என்ன செய்தவன் என்பதை விட்டுவிட்டு, இந்த நொடியில் இவனால் யார் உயிருக்கு என்ன ஆபத்து என்று கேட்டது. 2005-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் நச்சோவா எதிர் பல்கேரியா வழக்கில் இன்னும் கறாராகச் சொன்னது. ராணுவக் காவலிலிருந்து தப்பிய, ஆயுதமற்ற இரண்டு ரோமா இளைஞர்களைச் சுட்டுக் கொன்ற வழக்கு அது. ஆபத்தில்லாத ஆளைச் சுடக்கூடாது, அதனால் அவர் தப்பித்துப் போய்விட்டாலும் பரவாயில்லை என்று எழுதிவிட்டார்கள். 'தப்பித்தால் தப்பிக்கட்டும்' என்று ஒரு நீதிமன்றம் சொல்வது நம் காதுக்கு எவ்வளவு விநோதமாக ஒலிக்கிறது!

இனி நம்மூர். 1898-ன் சட்டத்தை 1973-ல் மாற்றி எழுதினோம், வாக்கியம் தங்கியது. காலனியச் சுவடுகளைத் துடைக்கிறோம் என்று சொல்லி 2023-ல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா கொண்டுவந்தோம், 2024 ஜூலை 1 முதல் நடைமுறை. பழைய 46 இப்போது 43. அதில் புதிதாக ஒரு உட்பிரிவு சேர்த்திருக்கிறார்கள், கைவிலங்கு பற்றி. யாருக்கு விலங்கு மாட்டலாம், காவலிலிருந்து தப்பியவருக்கா, பயங்கரவாதக் குற்றவாளிக்கா, போதைப்பொருள் வழக்குக்கா என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் இருக்கிறது. குற்றத்தின் தன்மையையும் தீவிரத்தையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. அதற்கு அடுத்த உட்பிரிவுதான் 43(4). மரணம் விளைவிப்பது பற்றியது. 1898-ன் அதே எலும்புக்கூடு.

விலங்கு விஷயத்தில் நம் உச்ச நீதிமன்றம் 1980-லேயே, பிரேம் சங்கர் சுக்லா வழக்கில், மிகச் சரியான கேள்வியைக் கேட்டுவிட்டது. கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு. குற்றம் பெரியது என்பதற்காக விலங்கு மாட்டக்கூடாது, இந்தக் குறிப்பிட்ட ஆள் தப்பிவிடுவார் என்பதற்குத் தெளிவான காரணம் வேண்டும், அதை எழுதி வைக்கவும் வேண்டும். கையைப் பூட்ட இவ்வளவு காரணம் கேட்கிற சட்டம், மண்டையில் சுட எஃப்.ஐ.ஆரில் உள்ள பிரிவு எண்ணைக் கேட்டு நிறுத்திக்கொள்கிறது.

'யார்' என்ற கேள்விக்கும் 'இப்போது என்ன ஆபத்து' என்ற கேள்விக்கும் உள்ள தூரத்தை ஒரே ஆளை வைத்தே காட்டலாம். விகாஸ் துபே. 2020 ஜூலை 2 நள்ளிரவைத் தாண்டி, கான்பூர் பக்கம் பிக்ரு கிராமத்துக்கு அவரைக் கைது செய்யப் போன போலீஸ் குழு மீது மாடிகளிலிருந்து துப்பாக்கிச் சூடு. எட்டு போலீஸ்காரர்கள் செத்தார்கள், ஒரு டி.எஸ்.பி. உட்பட. அந்த இரவில் போலீஸ் திருப்பிச் சுட்டு துபே செத்திருந்தால், அதைக் குறை சொல்ல எந்த மனித உரிமைக்காரராலும் முடியாது, நான் உட்பட. சொல்லக் கூடாது. மரண பயம் நேரில் நிற்கிறது, வேறு வழி இல்லை, தற்காப்பு உரிமை முழுசாகப் பொருந்துகிறது. போலீஸ்காரருடைய உயிரும் உயிர்தான்.

ஒரு வாரம் கழித்து, ஜூலை 9, உஜ்ஜயினியில் துபே பிடிபடுகிறார். 10-ம் தேதி காலை கான்பூர் அருகே, அவரை ஏற்றி வந்த வண்டி கவிழ்ந்தது, ஒரு போலீஸ்காரரின் பிஸ்டலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார், சுட்டார், பதிலுக்குச் சுட்டதில் இறந்தார் என்றது போலீஸ். ஆள் அதே ஆள், குற்றமும் அதே குற்றம். 'யார்' என்று கேட்டால் இரண்டு இடத்திலும் பதில் ஒன்றே. 46(3)-ம் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் தலையாட்டும். ஆனால் மாடியிலிருந்து சுடுகிறவரும், ஆயுதப் போலீஸ் நடுவே காவலில் இருக்கிறவரும் சட்டத்தின் கண்ணில் ஒரே நிலையில் இருக்க முடியுமா?

நெடுஞ்சாலைக் கதையை நீதிபதி பி.எஸ். சௌஹான் தலைமையிலான விசாரணைக் குழு பரிசீலித்தது. போலீஸ் சொன்னதைச் சந்தேகிக்க ஆதாரம் இல்லை என்றது. மறுத்துச் சாட்சி சொல்ல யாரும் வரவில்லை என்பது அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. எனக்கு இந்த இடம் உறுத்துகிறது. சம்பவ இடத்தில் இருந்தவர்கள் இரண்டே தரப்பு, ஒரு தரப்பு செத்துவிட்டது. யார் வந்து மறுப்பார்கள்?

இதோடு ஹைதராபாத்தை வைத்துப் பாருங்கள். 2019 நவம்பரில் இளம் கால்நடை மருத்துவர் ஒருவர் வன்புணர்வு செய்து கொல்லப்பட்டார். டிசம்பர் 6 விடியற்காலை, பொருட்களை மீட்பதற்காக என்று சட்டான்பள்ளிக்கு அழைத்துப் போன நான்கு பேரையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஆயுதத்தைப் பிடுங்கினார்கள், சுட்டார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம். அதே மூன்று வரி. மக்கள் போலீஸ் மீது பூத் தூவினார்கள். அப்போது என் வாட்ஸப் குழுக்கள் எல்லாவற்றிலும் கொண்டாட்டம்தான், படித்தவர்கள், பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள். அந்தக் கோபத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை.

இங்கே உச்ச நீதிமன்றம் நியமித்தது நீதிபதி வி.எஸ். சிர்புர்கர் ஆணையம். கூடவே ரேகா பல்தோட்டா, ராஜீவ் கொலை வழக்கை விசாரித்த டி.ஆர். கார்த்திகேயன். 2022-ல் வெளியான அறிக்கை போலீஸ் கதையை நம்ப மறுத்தது. கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுட்டார்கள் என்றது. தற்காப்பு வாதமும் செல்லாது, மூன்றாம் விதிவிலக்கும் செல்லாது, பத்து போலீஸ்காரர்கள் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும் என்றது. நான்கு பேரில் மூன்று பேர் சம்பவத்தின்போது 18 வயதுக்குக் கீழே என்றும் கண்டது.

இந்தக் கடைசி விஷயத்தை யாரும் பெரிதாகப் பேசவில்லை. சிறார் நீதிச் சட்டம் 2015-ன்படி 18-க்குக் கீழே உள்ளவருக்கு மரண தண்டனை கிடையாது, விடுதலைக்கு வழியே இல்லாத ஆயுள் தண்டனையும் கிடையாது. 'மரண தண்டனைக்குரிய குற்றம் சாட்டப்பட்டவன், அதனால் சுடலாம்' என்ற கணக்கு எவ்வளவு உதவாத கணக்கு என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். ஒரு நீதிமன்றம் ஆவணங்களை அடுக்கி வைத்துப் பார்த்தாலும் அவர்களுக்கு அந்தத் தண்டனை விதிக்க முடியாது. துப்பாக்கி பிடித்தவருக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? அவர் முகத்தைப் பார்த்து வயதைக் கணிக்கவா?

இங்கே என் வாதத்துக்கே ஒரு சிக்கல் வருகிறது. 'யார்' என்று கேட்காதே, 'இந்த நொடியில் என்ன ஆபத்து' என்று கேள் என்றேன். நல்லது. ஆனால் அந்த நொடியைத் தயார் பண்ண முடியுமே! காவல்துறைச் செய்திக்குறிப்பு எப்போதும் கடைசி நொடியில்தான் ஆரம்பிக்கிறது. 'அரிவாளால் தாக்கிவிட்டுத் தப்ப முயன்றார்.' அதற்கு முன்னால் என்ன நடந்தது, ஏன் அந்த நேரம், ஏன் அந்த இடம், அருவாள் எங்கிருந்து வந்தது, ஒன்றும் இருக்காது. (பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை ஒடிந்து மாவுக்கட்டோடு நிற்கிற ஆட்களின் படங்களும் இதே இலக்கிய வகைதான். தமிழ்நாட்டு லாக்கப் பாத்ரூம் அளவுக்கு வழுக்குகிற தரை உலகில் எங்கும் இல்லை.)

இந்தச் சிக்கலை நேராகப் பிடித்த தீர்ப்பு மெக்கான் எதிர் ஐக்கிய ராஜ்யம், 1995. 1988 மார்ச் 6, ஜிப்ரால்டரில் ஐ.ஆர்.ஏ.வைச் சேர்ந்த மூன்று பேரை பிரிட்டிஷ் சிறப்புப் படையினர் சுட்டுக் கொன்றார்கள். ரிமோட்டை அழுத்திக் கார் குண்டை வெடிக்க வைக்கப் போகிறார்கள் என்று படையினர் நம்பினார்கள். பார்த்தால் அவர்களிடம் ஆயுதமும் இல்லை, அந்தக் காரில் குண்டும் இல்லை. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சுட்ட படையினரைக் குறை சொல்லவில்லை. மேலிடம் தந்த தகவலை உண்மையாகவே நம்பினார்கள், அந்த நொடியில் அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் திட்டத்தைப் பார்த்தது. எல்லையிலேயே ஏன் நிறுத்தவில்லை? உளவுத் தகவல் தப்பாகலாம் என்று ஏன் யோசிக்கவில்லை? 10-க்கு 9 என்ற நூலிழையில், உயிர் வாழும் உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பு. சுட்ட விரலை விட்டுவிட்டு, அந்த விரலை அந்த இடத்துக்குக் கொண்டுவந்த மேஜையைப் பிடித்தது.

அமெரிக்கா இந்த இடத்துக்கு வர 2025 ஆனது. 1989-ன் கிரஹாம் எதிர் கானர் தீர்ப்பு, நொடிப்பொழுதில் முடிவெடுக்கும் நியாயமான அதிகாரியின் கண்ணால் பார் என்று சொல்லியிருந்தது. சில கீழ் நீதிமன்றங்கள் அதைச் சுருக்கி, ஆபத்து எழுந்த அந்த ஒரு கணத்தை மட்டுமே பார்ப்போம் என்று பழகிவிட்டன. பார்ன்ஸ் எதிர் ஃபீலிக்ஸ் வழக்கில் ஒரு அதிகாரி நகரத் தொடங்கிய காரின் படியில் தானே தாவி ஏறிவிட்டு, பிறகு ஆபத்து என்று சுட்டார். சுங்கக் கட்டணப் பாக்கிக்காக நிறுத்திய வண்டி! கணத்தை மட்டும் பார்த்தால் ஆபத்து உண்மைதான். முழுச் சூழலையும் பார்க்க வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு கடைசி இரண்டு வினாடியை மட்டும் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது.

நம்மூரில் இதற்குச் சமமாக என்ன இருக்கிறது? பி.யூ.சி.எல். எதிர் மகாராஷ்டிரா, 2014 செப்டம்பர் 23. மும்பையில் 1995-97 காலத்தில் நடந்த 99 என்கவுன்டர்கள், சுமார் 135 மரணங்கள் பற்றிய வழக்கு. 16 உத்தரவுகள். எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும், சி.ஐ.டி. அல்லது வேறு காவல் நிலையக் குழு விசாரிக்க வேண்டும், நடுவர் விசாரணை வேண்டும், ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டும், சம்பவம் முடிந்த கையோடு பதவி உயர்வோ வீர விருதோ கூடாது. எல்லாம் நல்ல உத்தரவுகள். விருது பற்றிய உத்தரவை எழுத வேண்டி வந்ததே நிறையச் சொல்கிறது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை சுட்ட பிறகு என்ன செய்வது என்பதற்கு. எப்போது சுடலாம் என்பதற்கு ஒன்றுகூட இல்லை. அங்கே இன்னும் 1898-தான் பேசுகிறது.

எஃப்.ஐ.ஆர். பதிவதிலும் ஒரு தந்திரம் உண்டு. பதிவார்கள், யார் மேல்? செத்தவர் மேல். கொலை முயற்சி வழக்கு. சுட்டவர் புகார்தாரர். குற்றம் சாட்டப்பட்டவர் இறந்துவிட்டதால் வழக்கு முடிகிறது. ஆந்திர உயர் நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு 2009-ல் இதைத்தான் கேள்வி கேட்டது. தற்காப்பு என்பது விதிவிலக்கு, விதிவிலக்கைக் கோருபவர்தான் நிரூபிக்க வேண்டும், அதுவும் விசாரணையில். இது புதிய கண்டுபிடிப்பு அல்ல, பழைய சாட்சியச் சட்டம் பிரிவு 105 நூறாண்டுக்கு மேலாகச் சொல்லிவந்ததுதான். பக்கத்து வீட்டுக்காரரைத் தற்காப்புக்காகக் கொன்றேன் என்று நான் சொன்னால் கோர்ட்டுக்குப் போய் நிரூபிக்கத்தானே சொல்வார்கள்? அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அப்போதே நிறுத்தி வைத்தது.

'காலில் சுட்டுப் பிடித்தனர்' என்ற புதுப் பழக்கம் பற்றிச் சுருக்கமாக. இதை மனிதாபிமானம் என்று பாராட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தொடையில் ஓடுகிற பெருந்தமனி அறுந்தால் சில நிமிடத்தில் ஆள் காலி. துப்பாக்கி என்பது எங்கே குறி வைத்தாலும் கொல்லும் ஆயுதம், சுடத் தகுந்த ஆபத்து இல்லையென்றால் காலிலும் சுடக்கூடாது. தூத்துக்குடி 2018 போன்ற கூட்டத்தின் மீதான துப்பாக்கிச் சூட்டுக்கு வேறு பிரிவுகள், அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கோர்ட்டுல இருபது வருஷம் இழுக்குது, வேற என்னதான் வழி என்று கேட்பவர்களுக்கு. இழுப்பது உண்மை, நியாயமான கோபம். ஆனால் இழுப்பது நீதிமன்றம். அதற்கு மருந்து நீதிபதி நியமனத்தில், தடயவியல் கூடத்தில், அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் இருக்கிறது. இன்னொரு விஷயம்: ஹைதராபாத்தில் நான்கு பேரோடு வழக்கும் செத்தது. சாட்சியங்களை அடுக்கி, குறுக்கு விசாரணை செய்து, அவர்கள்தான் செய்தார்கள் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை, இனிச் சொல்லவும் முடியாது. அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கு ஒரு தீர்ப்பு கிடைக்காமலே போனது.

43(4)-ஐ நான் திருத்தி எழுதினால் ஏறக்குறைய இப்படி இருக்கும்: 'கைது செய்வதற்காகவோ தப்புவதைத் தடுப்பதற்காகவோ, ஒருவருக்கு மரணம் விளைவிக்கக்கூடிய வலுவை, அவரால் எவருடைய உயிருக்கோ உடலுக்கோ உடனடியான கடும் ஆபத்து இருந்தால் ஒழிய, அதைத் தடுக்க வேறு வழி இல்லை என்றால் ஒழிய, கையாளக் கூடாது, அந்த ஆபத்து எழுந்ததில் அதிகாரிகளின் திட்டத்துக்கும் நடத்தைக்கும் உள்ள பங்கும் கருதப்படும்.' 1990-ல் ஹவானாவில் ஐ.நா. மாநாடு ஏற்ற அடிப்படைக் கோட்பாடுகளில் ஒன்பதாவது இதற்குப் பக்கத்தில் வருகிறது. என் வரைவின் கடைசிப் பாதி மெக்கானிடமிருந்து எடுத்தது.

இதில் 'உடனடியான' என்ற சொல்தான் சண்டைக்கு இழுக்கும். கார்னர் தீர்ப்பு அதைக் கேட்கவில்லை, ஆபத்தானவர் என்று நம்பத் தகுந்த காரணம் இருந்தால் போதும் என்றது. ஐ.நா. கோட்பாடும் உடனடி ஆபத்தோடு, உயிருக்குப் பெரும் அச்சுறுத்தலான ஆளைப் பிடிப்பதைத் தனியாகச் சேர்க்கிறது. அதற்கு நியாயம் உண்டு. மூன்று பேரைக் கொன்றுவிட்டு ஏகே-47 தோளில் தொங்க ஒருவன் காட்டுக்குள் ஓடுகிறான், இன்று விட்டால் நாளை நான்காவது ஆள் சாவார், முதுகு காட்டி ஓடுகிறான் என்பதற்காக விட வேண்டுமா? என் வரைவுப்படி கஷ்டம்தான். ஆயுதத்தோடு, கொன்ற சூட்டோடு ஓடுகிறவனின் ஆபத்து உடனடியானதுதான் என்று ஒரு நீதிபதி விரித்து வாசிக்க வேண்டியிருக்கும். இருந்தாலும் அந்தச் சொல்லை எடுக்க மாட்டேன். 'நாளை கொல்லக்கூடியவன்' என்று ஒரு இடைவெளி விட்டால் நம் காவல் நிலையங்களில் அதை நிரப்ப ரவுடிப் பட்டியல் தயாராக இருக்கிறது. மறுபடியும் 'யார்' என்ற கேள்விக்கே வந்து நிற்போம்.